பாட்டினும் நெடிது வாழ்ந்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவருள் செய்யுட்களை மிகுதியாக இயற்றியவர் யாவர் என்று வினவினால், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெயரே முதற்கண் நினைவுக்கு வரும். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள், பத்துப் பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கோவைகள், கலம்பகங்கள், மாலைகள் என அவர்தம் படைப்புகள் பல்லாயிரம் செய்யுட்களாக விரிந்து கிடக்கின்றன. ஆயினும் இன்று அவர் பெயரை அறிந்தவர் பலர். அவர் பாடல்களை முற்றும் பயின்றவர் மிகச் சிலர். அச்சிலருள்ளும் பெரும்பாலார் சமயப் பற்றாலோ ஆராய்ச்சிக் கடப்பாட்டாலோ அவற்றை நாடியவரே ஆவர். அங்ஙனமிருந்தும் அப்பெரும்புலவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகும் இக்காலத்தும் அவர் பெயர் தமிழுலகில் வாடாமல் நிற்கின்றது. அதற்குக் காரணம் அவர் பாடிய பாட்டினும் அவர் சொன்ன பாடமே எனலாம். கவிதையைத் தம் வாழ்வாகக் கொண்டோர் இவ்வுண்மையைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

கற்ற வழி

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெய்க் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையாரே தமிழாசிரியர். ஆதலின் மைந்தருக்கு நெடுங்கணக்கும் நிகண்டும் நீதிநூல்களும் இல்லத்திலேயே கிடைத்தன. ஆனால் அப்பேறு நெடுநாள் நீடிக்கவில்லை. மைந்தர் இளம்பருவம் கடக்கு முன்னரே தந்தையார் காலமானார். கற்க வேண்டிய நூல்களோ கடலளவு. கற்பிப்பாரோ வீட்டில் இல்லை. கையிற் பொருளும் இல்லை. அந்நிலையில் திருச்சிராப்பள்ளி நகரை அடைந்த இளைஞர், தமிழறிந்தார் எவர் எங்கே இருப்பினும் அவரை நாடிச் சென்று கேட்பது என்னும் ஒரே நெறியை மேற்கொண்டார்.

அக்காலத்தில் நூல்கள் பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தன. ஏடு வைத்திருந்தவர் எளிதில் அதனைப் பிறர் கையிற் கொடார். பொருள் தெரிந்தவரோ அதனைப் பிறர்க்குச் சொல்லத் தயங்குவர். நன்னூல் ஆசிரியர் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறியபின், ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடத்தையும் மடற்பனையையும் பருத்திக் குண்டிகையையும் முடத்தெங்கையும் உவமை கூறியிருத்தலைப் புலவர் அறிவர். கருக்கு நிறைந்த மடலால் தன்மீது ஏற விடாது, தானாக உதிர்ந்த பழத்தை மட்டுமே தருவது மடற்பனை. பருத்தி அடைத்த குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகப் பிடுங்கித்தான் பஞ்சை எடுக்க வேண்டும். பிள்ளையவர்கள் தம் இளமையில் இத்தகைய ஆசிரியர் சிலரிடமும் கற்க நேர்ந்தது.

அவற்றுள் ஒரு நிகழ்ச்சி என்றும் நினைக்கத் தக்கது. தெருத்தெருவாகச் சென்று பிச்சையேற்று உண்ணும் பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்தார். தண்டியலங்காரத்தை முறையாகக் கற்றவர் அவர். அந்நூலைப் பாடம் சொல்வார் வேறொருவரும் அப்போது அவ்வூரில் இளைஞருக்கு அகப்படவில்லை. பரதேசியோ ஓரிடத்தில் அமர்ந்து பாடம் சொல்லும் இயல்பினர் அல்லர். இளைஞர் அவர் மனங்கோணாதபடி ஒழுகி, அவர் விரும்பியவற்றைத் தேடிக் கொடுத்து, அவர் வீடுதோறும் பிச்சைக்குச் செல்லும்போது பின்னே நடந்து, இடையிடையே அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அணியிலக்கணம் முழுவதையும் தமதாக்கிக் கொண்டார். பிற்காலத்தில் ஆதீனத்தின் அவைக்களத்தில் வீற்றிருந்து நூல்களை அரங்கேற்றிய மகாவித்துவானின் அணியிலக்கண அறிவு, ஒரு பரதேசியின் பின்னே தெருவிற் பெற்ற பிச்சையாகும்.

இவ்வேட்கை அவரைத் திருவாவடுதுறைக்கும் சென்னைக்கும் இட்டுச் சென்றது. சென்னையில் காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாள் ஐயர் முதலிய பெரும்புலவரிடம் தம் ஐயங்களைப் போக்கிக்கொண்டார். கேட்ட நூல்களைத் தம் கையாலேயே ஏட்டில் பெயர்த்தெழுதினார். எழுதுதலும் கற்றலும் அவருக்கு இருவேறு தொழில்களாக இருந்ததில்லை.

கற்பித்த வழி

இரந்து பெற்றவர் இருவகைப்படுவர். பெற்றதன் அருமை கருதிப் பூட்டி வைப்போர் ஒரு வகையினர். இரத்தலின் துன்பம் அறிந்தமையால் இரந்தார்க்கு இல்லையென்னாதோர் மற்றொரு வகையினர். பிள்ளையவர்கள் இரண்டாம் வகையினர். தமிழ் கற்க வேண்டுமென்று வந்த எவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. பாடத்திற்குக் கூலி கேட்டதில்லை. தம்மிடம் உள்ள நாளில் மாணாக்கருக்கு உணவும் உடையும் அளித்தார். இல்லாத நாளில் அவர்களோடு தாமும் இல்லாமையை ஏற்றார்.

அவர்பால் வந்து கற்றோர் தொகுதியைப் பார்த்தால் அக்காலத் தமிழகத்தின் பல தெருக்களும் ஒரு திண்ணையிற் கூடியது போன்று தோன்றும். பிற்காலத்தில் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியராகப் புகழ்பெற்ற தியாகராச செட்டியார் அவர் மாணாக்கர். சென்னையில் விளங்கிய சோடசாவதானம் சுப்பராய செட்டியார் அவர் மாணாக்கர். நாகூர் தந்த குலாம் காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் பெரும்புலவர் அவர் மாணாக்கர். சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவர் நிழல்போல அவருடனிருந்து கற்றார். திருவாவடுதுறை மடத்துத் தம்பிரான்களும் அந்தண இளைஞர்களும் அவர்முன் ஏட்டை விரித்தனர். பிள்ளையவர்களோ திருநீறும் உருத்திராக்கமும் தரித்த, சிவபத்தியிற் சிறிதும் தளராத சைவர். சமயப் பற்று அவருக்குக் குறைவில்லை. தமிழ் கேட்க வந்தவரிடம் அப்பற்றைத் தடையாக அவர் நிறுத்தவும் இல்லை. முன்சீபாக விளங்கிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்க நெறியினர். அவரும் பிள்ளையவர்களும் கொண்ட நட்புக்கு அடையாளமாக அவர்மீது குளத்தூர்க்கோவை பாடப்பெற்றது.

எனினும் அக்காலத்துச் சமுதாய வழக்குகள் அத்திண்ணையைச் சூழ்ந்தே இருந்தன. அந்தண மாணாக்கர் ஆசிரியர் வீட்டில் உண்ண இயலாது. அவர்கள் உணவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அவ்வழக்கை மாற்றும் ஆற்றல் பிள்ளையவர்களுக்கு இல்லை. பாடம் சொல்லும் இடத்தில் மட்டும் அதன் கை நீளாதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

அவருடைய ஈகையின் எல்லையைக் காட்டும் செய்தி ஒன்றுண்டு. பெங்களூரில் வாழ்ந்த வல்லூர்த் தேவராச பிள்ளை என்னும் செல்வர் அவரை வருவித்துப் பாடம் கேட்டார். அம்மாணாக்கரின் பெயரால் வெளிவந்த குசேலோபாக்கியானமும் சூதசங்கிதையும் உண்மையில் பிள்ளையவர்களே பாடியவை என்பதனைப் பிற்காலத்தார் அவர் வரலாற்றால் அறிந்தனர். குசேலோபாக்கியானம் நாடெங்கும் பரவிப் பலராலும் பயிலப்பட்ட நூல். தம் பெயரை நிலைநாட்டியிருக்கக்கூடிய அந்நூலை மாணாக்கர் பெயரில் விடுத்தமை முறையோ என்று இன்று ஒருவர் வினவலாம். பொருள் முட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணமாயிருந்திருக்கலாம். எக்காரணமாயினும், தாம் இயற்றிய காவியத்தின்மீது உரிமை கொண்டாடும் எண்ணம் அவரிடம் மிகக் குறைவாகவே இருந்தது என்பது தெளிவு. செய்யுள் அவரிடத்து ஊற்றுநீர் போன்றது. முகந்து செல்பவர் எவர் குடத்தில் முகக்கின்றார் என்று ஊற்று பார்ப்பதில்லை.

தளிர் ஆராய்ச்சி

1871ஆம் ஆண்டு, பதினாறு வயது நிரம்பிய ஓர் இளைஞரை அவர் தந்தையார் மாயூரத்திற்கு அழைத்து வந்தார். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மைந்தரே அவர். அரியிலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் தமிழறிந்தாரைத் தேடித்தேடிக் கற்றும் வேட்கை தணியாது, பிள்ளையவர்களின் புகழைக் கேட்டு ஏங்கி வந்தவர். முதற் சந்திப்பில் நைடதச் செய்யுளொன்றை அச்சத்தோடு சொல்லிக் காட்டினார். வேங்கடராமன் என்னும் பெயர் தாங்கி வந்த அவரை வீட்டார் வழங்கும் சாமிநாதன் என்ற பெயராலேயே அழைப்பதாக ஆசிரியர் முடிவு செய்தார். அப்பெயரே பின்னர்த் தமிழுலகம் போற்றும் பெயராயிற்று.

ஆனால் முதல் நாட்களில் இளைஞருக்கு ஏமாற்றமே கிட்டியது. பாடம் கேட்க வருவோர் பலராதலின், புதியவருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பைச் சவேரிநாத பிள்ளையிடம் ஆசிரியர் ஒப்படைத்தார். சவேரிநாத பிள்ளை அன்போடு கற்பித்தார். எனினும் கடலைத் தேடி வந்தவருக்கு வாய்க்கால் நீர் அமைதி தரவில்லை. ஆசிரியர் வாயாலேயே கேட்க வேண்டும் என்னும் ஆவலை எங்ஙனம் தெரிவிப்பது என்று அறியாமல் தவித்தார்.

பிள்ளையவர்களுக்குச் செடி கொடிகள்மீது பெருவிருப்பு உண்டு. மாயூரத்தில் தாம் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில், வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்துவந்து நடச் செய்திருந்தார். விடியற்காலையில் எழுந்ததும் அம்மரங்களினருகே சென்று, எங்கேனும் புதிய தளிர் விட்டிருக்கின்றதா என்று கூர்ந்து பார்ப்பார். ஒரு தளிரைக் கண்டால் அவர் முகம் மலரும். இதனை உணர்ந்த இளைஞர், ஆசிரியர் எழுவதற்கு முன்னரே தோட்டத்திற்குச் சென்று கிளை கிளையாக ஆராய்ந்து தளிர் விட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டலானார். ஆசிரியர் மகிழ்ந்தார். நாள்தோறும் அவரை எதிர்பார்க்கலானார். தளிர் காட்டிய பழக்கத்தால் பேச்சு வளர்ந்தது. பேச்சினிடையே பாடமும் நேரே கிடைத்தது.

மாணாக்கர் பின்னாளில் இந்நிகழ்ச்சியை நகைச்சுவை தோன்றவே எழுதியிருக்கின்றார். ஆயினும் இதனுள் ஒரு நுட்பம் உண்டு. வேற்றிடத்தில் வேரூன்றிய மரத்தைப் பெயர்த்துவந்து புதுமண்ணில் நட்டு, அது பிழைத்ததா என்பதனைத் தளிரால் அறியக் காத்திருப்பவர் பிள்ளையவர்கள். தம்மிடம் வந்த மாணாக்கரையும் அவர் இவ்வாறே நோக்கினார். ஒவ்வொருவரும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு குடியில், வெவ்வேறு ஆசிரியரிடம் வேரூன்றி வந்தவர்கள். அவர்களைத் தாம் விரும்பிய வடிவில் வெட்டி நிறுத்த அவர் முனைந்ததில்லை. நீர் வார்த்தார், தளிர்க்கும் நாளுக்குக் காத்திருந்தார்.

எழுத்தாணிப் பாடம்

பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டல் என்பது நூலுக்குப் பொருள் கேட்டலோடு முடிவதன்று. அவர் செய்யுள் இயற்றும்போது உடனிருந்து ஏட்டில் எழுதுவதும் அதன் பகுதியே. அவர் தாமே எழுத்தாணி பிடித்துப் பாடல் புனைவது அருமை. புராணத்தின் ஒரு படலத்திற்குரிய செய்தியை மனத்தில் அமைத்துக்கொண்டு, வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணாக்கர் எழுதுவர். எழுதுகின்ற கை சோர்ந்தாலும் சொல்லுகின்ற நா சோராது. இடையிலே விருந்தினர் வந்து பேசிச் செல்வர். வீட்டுச் செய்தி வரும். அவற்றிற்கெல்லாம் விடை கூறிவிட்டு, விட்ட அடியிலிருந்து எதுகை பிறழாமல் தொடர்வார்.

இதனருகே அமர்ந்து எழுதிய மாணாக்கர் எதனைக் கற்றனர்? அடி பிறக்கும் முறையைக் கண்முன்னே கண்டனர். நூலில் முடிந்த வடிவமாக நிற்கும் செய்யுளைப் படிப்பவனுக்கு அதன் தையல் தெரிவதில்லை. ஒரு சொல் வந்து, அது நீக்கப்பட்டு, வேறொரு சொல் அவ்விடத்தில் அமர்வதைக் கேட்டவனுக்கோ, எச்சீர் எவ்விடத்தில் ஏன் நிற்கின்றது என்பது இரத்தத்தில் ஊறும். சாமிநாதையர் தம் ஆசிரியரின் திருப்பெருந்துறைப் புராணத்தை ஆவுடையார்கோயிலில் உடனிருந்து எழுதியவர். அந்நாட்களில் எழுத்தாணி வழியே அவர் கையில் ஏறிய யாப்புணர்ச்சி, பின்னாளில் எத்தகைய பணிக்குப் பயன்படப் போகின்றது என்பதனை ஆசிரியரும் அறியார், மாணாக்கரும் அறியார்.

எல்லையும் எல்லைக்கு அப்பாலும்

பெரியோரை நினைவுகூரும்போது அவர்தம் எல்லைகளை மறைத்தல் அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. பிள்ளையவர்களுக்கும் எல்லைகள் இருந்தன. மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை பயிலத் தொடங்கினார். இசைப் பயிற்சி தமிழ்ப் பயிற்சிக்கு இடையூறாகும் என்பது பிள்ளையவர்களின் கருத்து. ஆசிரியரின் குறிப்பறிந்த மாணாக்கர் இசையைக் கைவிட்டார். நந்தன் சரித்திரம் பாடிய பெருமகனின் அருகிலிருந்தும் அவ்விசையைக் கற்க இயலாமற் போனது ஓர் இழப்பே.

பாடத்தின் எல்லையும் அத்தகையதே. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றில் அவர் மாணாக்கர் ஆழ்ந்து பயின்றனர். ஆனால் சங்க நூல்களும் ஐம்பெருங்காப்பியங்களும் அன்றைய பாடமுறையில் இடம்பெறவில்லை. அது பிள்ளையவர் ஒருவரின் குறையன்று. அக்காலத்துப் புலமை உலகமே அந்நூல்களைப் பெரிதும் மறந்திருந்தது. பெரும்புலவரின் நிழலில் ஐந்தாண்டுகள் பயின்ற மாணாக்கரும் சீவகசிந்தாமணியைப் பாடம் கேட்காமலேயே வெளிவந்தார்.

அவர்தம் கவிதையைப் பற்றியும் இவ்வாறே நேர்மையோடு சொல்ல வேண்டும். தலந்தோறும் புராணம் வேண்டுமென்று அன்பர்கள் கேட்டனர். அவர் பாடிக் கொடுத்தார். நாட்டுப் படலமும் நகரப் படலமும் மரபு வகுத்த வழியே நடந்தன. சொல்வளமும் ஓசையும் அணியும் குறைவற நிறைந்த அச்செய்யுட்களில், கேட்டவர் விருப்பமும் மரபின் கட்டளையுமே பல இடங்களில் முன்னே நிற்கின்றன. சேக்கிழார் பிள்ளைத்தமிழ் போன்ற நூல்களில் அவருடைய உள்ளம் தடையின்றி ஒலிக்கக் கேட்கலாம். ஏனைய பல, தோன்றிய காலத்தோடும் தலத்தோடும் கட்டுண்டு நின்றுவிட்டன. காலம் தன் சல்லடையை எப்புலவனுக்காகவும் நிறுத்தி வைப்பதில்லை.

இறுதி நாள்

பிள்ளையவர்களின் பிற்காலம் வறுமையோடும் கடனோடும் கழிந்தது. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக மேலகரம் சுப்பிரமணிய தேசிகரின் பேராதரவைப் பெற்றிருந்தார். புராணங்கள் அரங்கேறியபோது பரிசுகளும் வந்தன. எனினும் வந்த பொருள் வந்த வழியே மாணாக்கர்க்கும் விருந்தினர்க்கும் சென்றது. சேமித்து வைக்கும் கலையை அவருக்குப் பாடம் சொல்வார் எவரும் இருந்திலர்.

உடல் நலிந்த நிலையிலும் அவர் பாடம் சொல்வதை நிறுத்தவில்லை. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் இறைவன் திருவடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. அவ்விறுதி நேரத்தில் சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் அருகிலிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசித்தார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கிறித்தவ மாணாக்கரின் கைகளிற் சாய்ந்து, வைணவக் காப்பியத்தையும் இசைமரபையும் தழுவிய குடியில் வந்த அந்தண மாணாக்கர் திருவாசகம் ஓதக் கேட்டவாறு உயிர் நீத்தார். அவர் வாழ்நாள் முழுதும் சொன்ன பாடத்திற்கு இதனினும் தெளிவான உரை வேறில்லை.

பின் வந்தவை

ஆசிரியர் மறைந்தபின் அவர் தொடுத்த உறவு மாணாக்கரிடையே அறுபடவில்லை. சாமிநாதையர் திருவாவடுதுறையிலேயே தங்கிச் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பில் மேலும் கற்றார். தம்பிரான்களுக்குப் பாடமும் சொன்னார். 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவால் பணியினின்று விலக நேர்ந்தது. தம் இடத்திற்குத் தம் ஆசிரியரின் இளைய மாணாக்கரே வர வேண்டுமென்று அவர் முயன்று அதனை நிறைவேற்றினார். ஒரே ஆசிரியரிடம் மூத்தவராகப் பயின்றவர், இளையவராகப் பயின்றவருக்குத் தம் இருக்கையை விட்டுக்கொடுத்த நிகழ்ச்சி அது. அந்நன்றியை மறவாத சாமிநாதையர், பின்னாளில் சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். 2012இல் அவ்வில்லம் இடிக்கப்பட்டது. அப்பெயர் குறித்த நன்றி மட்டும் ஏட்டில் நிற்கின்றது.

அதே 1880இல், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் பெருமிதத்தோடு அடுக்கிச் சொன்னார். முதலியார் அவற்றால் வியப்படையவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை அறிந்ததுண்டா என்று வினவினார். அவ்வினா தமிழ் வரலாற்றில் ஒரு திருப்பமாயிற்று. முதலியார் தந்த ஏட்டுப் பிரதியில் தொடங்கிய தேடல், 1887இல் சீவகசிந்தாமணியாகவும், 1889இல் பத்துப்பாட்டாகவும், 1892இல் சிலப்பதிகாரமாகவும், 1894இல் புறநானூறாகவும், 1898இல் மணிமேகலையாகவும் அச்சேறியது.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். முதலியாரின் வினா, பிள்ளையவர்கள் சொன்ன பாடத்தின் குறையைச் சுட்டியது உண்மையே. ஆனால் அவ்வினாவுக்கு விடை காணும் கருவியைத் தந்ததும் அதே பாடம். பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இரா. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். அடி எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பது புலப்படாது. செல்லரித்த இடத்தில் எத்தனை எழுத்துகள் மறைந்தன என்பதனை ஓசையும் எதுகையுமே உணர்த்த வேண்டும். ஒரு சொல்லின் உண்மை வடிவத்தைத் தெளிய, நினைவில் நிற்கும் பல்லாயிரம் செய்யுட்களிலிருந்து ஒப்புமை எழ வேண்டும். மாயூரத்துத் திண்ணையில் அந்தாதியும் யமகமும் திரிபும் பயின்று, புராணங்களை ஏட்டில் எழுதிய கையும் செவியுமே அப்பணிக்கு உரியனவாய் அமைந்திருந்தன. ஆசிரியர் ஒருநாளும் சொல்லாத நூல்களை மாணாக்கர் அவர் தந்த செவியாலேயே மீட்டார். தாம் நின்ற எல்லையோடு மாணாக்கரையும் நிறுத்திவிடாத கல்வி இதுவே.

மாணாக்கர் தம் புகழின் உச்சியிலும் ஆசிரியரை மறந்தாரல்லர். சிதறிக் கிடந்த அவர் சிற்றிலக்கியங்களைத் தொகுத்துப் பிரபந்தத் திரட்டாக வெளியிட்டார். தாம் எழுபத்தெட்டு வயது நிரம்பிய நிலையில், 1933லும் 1934லும் இரண்டு பாகங்களாக மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை எழுதி வெளிப்படுத்தினார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் அவர் நடந்த தெருவும், சாய்ந்திருந்த திண்ணையும், சொன்ன செய்யுளும், பட்ட கடனும் நேற்றுக் கண்டவைபோல் அந்நூலில் நிற்கின்றன. தமிழில் ஒரு புலவரின் வாழ்வை இத்துணை விரிவாகவும் சான்றோடும் எழுதிய நூல் அதற்கு முன் அரிது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணாக்கர் நெஞ்சில் சுமந்திருந்த ஏடு அது.

பிள்ளையவர்கள் பாடிய புராணங்களுட் பல நூலகங்களில் உறங்குகின்றன. அவற்றை மீண்டும் எடுத்துப் பயில்வோர் பயனடைவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ் படிக்கும் எவரும் இன்று புறநானூற்றை விரிக்கும்போது, தம்மையறியாமலே பிள்ளையவர்களின் பாடத்தையும் பயில்கின்றனர். கவிஞர் தம் பாட்டு நிலைக்குமா என்று கவலுவது இயல்பு. அதற்கு விடை அவர் கையில் இல்லை. தம்மிடம் கேட்க வருகின்ற இளையவருக்குச் சொல்லாமல் மறைக்காதிருத்தல் மட்டும் அவர் கையில் உள்ளது. பரதேசியின் பின்னே தெருவில் நடந்து தமிழ் கற்ற அப்பெருமகனார் இந்த ஒன்றைப் பிழையாமற் செய்தார்.